சுதி ஏற்றிய சிட்டுகள்

இரண்டு நொடியில் முடிந்துவிடும் பாட்டு அது. முதலில் நீளமாக ஒரு சீழ்க்கை, பிறகு இரண்டு மூன்று வளைவுகள், கடைசியில் கிடுகிடுவென்று உருளும் ஒரு பிருகா. சான்பிரான்சிஸ்கோவின் வடமேற்கு மூலையில், கோல்டன் கேட் பாலம் கரையேறும் இடத்தை ஒட்டி பிரெசிடியோ என்ற பூங்கா இருக்கிறது. அங்கே புதர் உச்சியில் உட்கார்ந்துகொண்டு வெண்மகுடச் சிட்டு பாடும் பாட்டு இது. இதே இடத்தில் இதே இனத்துச் சிட்டு 1969-இல் பாடியது ஒலிநாடாவில் இருக்கிறது. 2005-இல் பாடியதும் இருக்கிறது. இரண்டையும் வரைபடமாக்கி அருகருகே வைத்தால், பாட்டின் அடிமட்டம் மேலே ஏறியிருப்பது தெரிகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் சிட்டு தன் தாழ்ந்த சுரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டிருக்கிறது.

1969-இல் அந்த இடம் பூங்கா அல்ல, ராணுவ முகாம். 1776-இல் ஸ்பானியர் போட்ட கோட்டை. மெக்சிகோவின் கைக்குப் போய், பிறகு அமெரிக்க ராணுவத்தின் கைக்கு வந்தது. மணல்மேடும் புதருமாகக் கிடந்த நிலத்தில் 1880-களில் ராணுவமே யூகலிப்டசும் சைப்ரசும் பைனும் நட்டு, வரிசை பிசகாத காடு ஒன்றை எழுப்பியது. 1937-இல் பாலம் திறந்தது. பாலத்துக்குப் போகும் நெடுஞ்சாலை முகாமை ஊடுருவிக்கொண்டு ஓடியது. கரையோரத்தில் கிரிஸ்ஸி என்ற விமானத் திடல் இருந்தது. 1974 வரை அங்கே விமானம் இறங்கியது. 1969 என்றால் வியட்நாம் போர்க் காலம். உள்ளே இருந்த லெட்டர்மன் ராணுவ மருத்துவமனைக்குக் காயம்பட்ட வீரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பனி மூடினால் பாலத்தின் மூடுபனிச் சங்கு வேறு அடிவயிற்றிலிருந்து முழங்கும். ஆகவே அன்று அங்கே நிசப்தம் குடிகொண்டிருந்தது, இன்று போய்விட்டது என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். அன்றும் சத்தம் இருந்தது. வந்து, நின்று, அடங்கும் சத்தம். இன்றைய சத்தத்துக்கு இடைவெளி கிடையாது.

1994-இல் ராணுவம் வெளியேறி, சுமார் 1,500 ஏக்கர் நிலம் தேசியப் பூங்காத் துறையிடம் வந்தது. விமானத் திடலில் ஒரு பகுதி சதுப்பு நிலமாகவும் புல்வெளியாகவும் மாறி 2001-இல் மக்களுக்குத் திறந்தது. லோபோஸ் ஓடைப் பக்கம் மணல்மேடுகளைச் சீர்செய்து பழைய செடிகளை நட்டார்கள். கண்ணால் பார்க்கிறவருக்கு அன்றைவிட இன்று நிலம் நன்றாக இருக்கிறது. அதை மறுக்க முடியாது. இங்கே வாழ்ந்த செர்செஸ் நீலம் என்ற வண்ணத்துப்பூச்சி 1940-களின் தொடக்கத்தில் பூண்டோடு அழிந்தது. அதன் இடத்தை நிரப்ப 2024-இல் அதன் நெருங்கிய உறவான இன்னொரு நீல வண்ணத்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். செடியை மீட்டார்கள், சதுப்பை மீட்டார்கள், பூச்சிக்கு வாரிசு தேடினார்கள். பூங்காவை மீட்கிறவர்களின் பட்டியலில் எல்லா ஊரிலும் கடைசியாக வருவது காதுக்குரிய விஷயம்தான்.

சிட்டுக்கு வருவோம். ஊர்க்குருவியைவிடச் சற்றே நீளமான பறவை. தலையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். இந்த இனத்தின் மற்றக் கிளைகள் பருவத்துக்குப் பருவம் வலசை போகும், சில ஆயிரக்கணக்கான மைல்கூட. நட்டல் என்ற இந்தக் கரையோரக் கிளை மட்டும் எங்கும் போவதில்லை. பிறந்த புதருக்குப் பக்கத்துப் புதரிலேயே கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அங்கேயே சாகும். அதனால் ஒவ்வொரு பேட்டையிலும் பாட்டுக்கு ஒரு வட்டார வழக்கு உருவாகியிருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் மார்லர் 1960-களின் தொடக்கத்தில் இதைத் துலக்கிக் காட்டினார். குஞ்சு பாட்டோடு பிறப்பதில்லை. சுமார் பத்தாம் நாளிலிருந்து ஐம்பதாம் நாளுக்குள் காதில் விழும் பெரியவர்களின் பாட்டைத்தான் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சில வாரங்களில் எது கேட்டதோ அதுதான் ஆயுளுக்கும்.

பெர்க்லியிலேயே படித்து இந்தச் சிட்டுகளோடு வாழ்நாளைக் கழித்தவர் லூயிஸ் பாப்டிஸ்டா. ஹாங்காங்கில் பிறந்தவர், 1980 முதல் கலிபோர்னியா அறிவியல் கழகத்தில் பறவையியல் பொறுப்பில் இருந்தார். 1969-இல் பிரெசிடியோவைச் சுற்றி ஒலிநாடாக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்து பதிவு செய்தார். ஒட்டி ஒட்டி மூன்று வழக்குகள் அங்கே புழங்குவதைக் கண்டார். அன்றைக்கு அவர் தேடியது வழக்குகளின் எல்லைக்கோட்டை. வண்டிச் சத்தத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்ட காலம் அல்ல அது. ஆனால் அந்த நாடாக்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். 2000-இல் அவர் இறந்துபோனார். பத்து ஆண்டு கழித்து, 2010-இல், டேவிட் லூதர் என்ற இளைய ஆய்வாளரின் பெயரோடு பாப்டிஸ்டாவின் பெயரையும் தாங்கி ஒரு கட்டுரை வந்தது. சுமார் முப்பது ஆண்டுக் காலப் பாட்டுகளை ஒப்பிட்ட கட்டுரை. நகரத்தின் சத்தம் ஏறியிருக்கிறது. அதோடு சேர்ந்து ஒவ்வொரு வழக்கிலும் பாட்டின் மிகத் தாழ்ந்த சுரம் மேலேறியிருக்கிறது. மூன்று வழக்குகளில் இயல்பிலேயே சுதி கூடியதாக இருந்த ‘சான்பிரான்சிஸ்கோ’ வழக்கு, தாழ்ந்த சுதியில் பாடிய வழக்கை ஒதுக்கிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டே வருகிறது. இதுதான் அதன் சாரம்.

காரணம் எளிது. கார் டயர் தார்ச்சாலையில் உருளும் ஓசை, எஞ்சின் உறுமல், தூரத்து லாரி எல்லாமே பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்குபவை. நகரத்தின் இரைச்சல் கீழ்த்தட்டில் கனமாகவும் மேலே போகப் போக மெலிதாகவும் இருக்கிறது. பாட்டின் கீழ்ப்பகுதி அந்த இரைச்சலில் மூழ்கிப்போகிறது, மேல்பகுதி தப்பிக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் பட்டாணிக் குருவி இனம் ஒன்று இதையே செய்வதை 2003-இல் ஸ்லாபெகோர்ன், பீட் என்ற இருவர் எழுதினார்கள். சத்தமான தெருவில் குடியிருக்கும் குருவி உயர்ந்த சுதியில் பாடியது, அமைதியான தெருவில் இருப்பது தாழ்ந்த சுதியில் பாடியது. பிரெசிடியோவின் கதை அதைவிட ஒரு படி மேல். இது தெருவுக்குத் தெரு மாறும் வேற்றுமை மட்டும் அல்ல, தலைமுறைக்குத் தலைமுறை நடந்த மாற்றம்.

எப்படி நடந்திருக்கும் என்பதற்கு 2018-இல் ஒரு சோதனையில் விடை கிடைத்தது. குஞ்சுகளை எடுத்துவந்து வளர்த்து, உயர்ந்த சுதிப் பாட்டையும் தாழ்ந்த சுதிப் பாட்டையும் போட்டுக் காட்டினார்கள். பின்னணியில் நகரத்தின் இரைச்சலைக் கலந்து கேட்டு வளர்ந்த குஞ்சுகள், இரைச்சலுக்கு மேலே எழும்பிய பாட்டையே பொறுக்கிக்கொண்டன. தாத்தா பாடிய தாழ்ந்த சுரத்தைப் பேரன் வேண்டாம் என்று தள்ளவில்லை. அது பேரன் காதுக்கு வரவே இல்லை.

‘சிட்டு சமாளித்துக்கொண்டதே, பிறகு என்ன குறை?’ என்று கேட்பவர்கள் உண்டு. பறவைகளின் திறமையைப் பாராட்டி எழுதப்படும் செய்திகளும் இந்தத் தொனியில்தான் இருக்கின்றன. எனக்கு இந்தப் பாராட்டில் உடன்பாடு இல்லை. சிட்டுகளின் உலகத்தில் பாட்டு வெறும் அழைப்பு மணி அல்ல, உடல் வலுவின் சான்றிதழ். கடைசியில் வரும் அந்தப் பிருகாவைக் கீழிருந்து மேல்வரை அகலமாக வீச வேண்டும், அதே சமயம் வேகமாகவும் உருட்ட வேண்டும். இரண்டும் ஒருசேர வாய்ப்பது கடினம். வாய்த்த ஆணைத்தான் பெண் கவனிக்கும், எதிரி ஆண் அஞ்சும். அடிமட்டத்தைச் சத்தம் தின்றுவிட்டால் வீச்சின் அகலம் குறுகுகிறது. காதில் விழுகிறது, ஆனால் தரம் குறைந்து விழுகிறது. லூதரும் எலிசபெத் டெரிபெரியும் ஜெனிஃபர் ஃபிலிப்ஸும் 2016-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது. 2012-இல் லூதரும் டெரிபெரியும் இன்னொன்றையும் செய்து பார்த்தார்கள். பிரெசிடியோவின் ஆண் சிட்டுகளிடம் 1969-ஆம் ஆண்டுப் பாட்டையும் 2005-ஆம் ஆண்டுப் பாட்டையும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். புதிய பாட்டைக் கேட்டபோதுதான் சிட்டுகள் அதிகமாகச் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு வந்தன. பழைய பாட்டுக்கு அவ்வளவு ரோஷம் வரவில்லை.

சுதி ஏற்றுவதோடு குரலையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரரிடம் கத்திப் பேசுகிறோமே, அதேதான். 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் மனிதரிடம் கண்டு சொன்னது, இன்று பல பறவை இனங்களிலும் உறுதியாகியிருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபின் பறவைகள் வேறு வழி கண்டன. பகலில் சத்தம் மிகுந்த இடங்களில் அவை இரவில் பாட ஆரம்பித்துவிட்டன. தெருவிளக்கைச் சூரியன் என்று நினைத்து ஏமாறுகின்றன என்றுதான் வெகுநாள் நம்பியிருந்தார்கள். விளக்கைவிடப் பகல்நேரச் சத்தத்தோடுதான் அந்த இரவுப் பாட்டு ஒத்துப்போகிறது என்று 2007-இல் ஒரு கட்டுரை காட்டியது.

பாட்டோடு போவதில்லை பாதிப்பு. ஐடஹோ மாநிலத்தில் சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில் ஒலிபெருக்கிகளை வரிசையாகக் கட்டி, வண்டிச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டார்கள். வண்டி இல்லை, புகை இல்லை, தார் இல்லை. அந்தப் ‘பேய்ச்சாலை’ ஒலித்த நாட்களில் அங்கே தங்கிய வலசைப் பறவைகளின் எண்ணிக்கை கால் பங்குக்கு மேல் சரிந்தது. தங்கியவற்றிலும் பல உடம்பு தேறவில்லை. ஏன் என்று கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். பார்த்ததும் வெண்மகுடச் சிட்டைத்தான். சத்தத்துக்கு நடுவே இரை பொறுக்கும் சிட்டு அடிக்கடி தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்க்கிறது. வல்லூறு வருவதைக் காது சொல்லாதபோது கண்தான் காவல் காக்க வேண்டும். கண் காவலுக்குப் போனால் வாய்க்குத் தீனி குறையும்.

பிரெசிடியோவுக்குள் ஓடிய பழைய நெடுஞ்சாலையை நிலநடுக்கத்துக்குத் தாங்காது என்று இடித்துவிட்டு, ஒரு பகுதியைச் சுரங்கத்துக்குள் இறக்கிப் புதிய பாதை போட்டார்கள். 2015-இல் போக்குவரத்து அதற்கு மாறியது. சுரங்கத்தின் கூரைமேல் மண்ணைக் கொட்டி, 14 ஏக்கரில் புல்வெளியும் விளையாட்டுத் திடலுமாக 2022-இல் இன்னொரு பூங்கா திறந்தார்கள். பறவைக்காகச் செய்தது அல்ல, ஆனாலும் நல்ல வேலை. 2020-இன் தொடக்கம் வரை பாலத்தின் மேல் மட்டும் நாளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன.

அந்த ஆண்டு மார்ச்சில் அவை பெருமளவு குறைந்தன. கொரோனா ஊரடங்கு. டெரிபெரி டென்னசியில் மாட்டிக்கொண்டார், லூதர் கிழக்குக் கரையில். கலிபோர்னியாவில் இருந்தவர் ஃபிலிப்ஸ்தான். முன்பு 2015, 2016-இல் பதிவு செய்திருந்த அதே இடங்களுக்கு ஏப்ரலிலும் மேயிலும் ஒலிவாங்கியோடு திரும்பப் போனார். நகரத்துப் பகுதிகளின் சத்தம், 1950-களின் நடுவில் போக்குவரத்து இருந்த அளவுக்கு இறங்கியிருந்தது. அதாவது பாப்டிஸ்டாவின் நாடாவுக்கும் முந்தைய சான்பிரான்சிஸ்கோ. உயிரோடிருந்த எந்தச் சிட்டும் கேட்டிராத அமைதி.

சிட்டுகள் என்ன செய்தன? குரலைத் தாழ்த்தின. சராசரியாக 4 டெசிபல் அளவுக்கு மென்மையாகப் பாடின. மென்மையாகப் பாடியும் அவற்றின் பாட்டு முன்பைப்போல இரண்டு மடங்கு தூரம் போய்ச் சேர்ந்தது. கைவிட்ட தாழ்ந்த சுரங்களை மறுபடி தொட்டன, வீச்சு அகன்றது, பாட்டின் தரம் கூடியது. ஆய்வு அந்த ஆண்டு செப்டம்பரில் சயன்ஸ் இதழில் வெளியானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாட்களில் பறவைகள் வழக்கத்தைவிட உரக்கக் கத்துகின்றன என்று அமெரிக்காவில் பலர் சொன்னார்கள். நம் ஊரில் குயிலையும் மைனாவையும் கேட்டவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். சான்பிரான்சிஸ்கோவில் அளந்து பார்த்தபோது நடந்திருந்தது நேர்மாறானது. பறவை உரக்கப் பாடவில்லை. நாம் வாயை மூடியிருந்தோம்.

திரும்பி வராததும் ஒன்று உண்டு. ஒதுங்கிப்போன பழைய வழக்கு மீளவில்லை. அமைதி வந்தால் சிட்டு தன் பாட்டைத் திருத்திக்கொள்ளும். ஆனால் கற்றுக்கொடுக்க ஆளில்லாத பாட்டை எங்கே போய்க் கற்கும்? அதோடு, பாட்டைக் காதால் கேட்டுக் கற்கும் வரம் எல்லாப் பறவைக்கும் இல்லை. பாடும் பறவைகள், கிளிகள், தேன்சிட்டு போன்ற அமெரிக்க ஓசனிச்சிட்டுகள் என்று சில கூட்டங்களுக்கே அது உண்டு. புறாவின் முனகல் பிறவியிலேயே வருவது. சுதியை மாற்றத் தெரியாதவை பேசாமல் இடத்தைக் காலி செய்கின்றன. நகரப் பூங்காவில் நம் காதுக்குக் கிடைப்பது சமாளித்தவற்றின் பாட்டு மட்டும்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் வண்டிச் சத்தம். பூங்காவுக்குள் நடந்து போகிறவர்களின் வாய்ச் சத்தத்துக்குக் கணக்கு வேறு. சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சாந்தா குரூஸ் மலையில், மனிதர் சாதாரணமாகப் பேசும் குரலைப் பதிவுசெய்து ஒலிபரப்பிப் பார்த்தார்கள். ஒப்பிடுவதற்காக வேறு நேரத்தில் தவளைச் சத்தம். தவளையைப் பொருட்படுத்தாத பூமா, மனிதக் குரல் கேட்டதும் பெரும்பாலும் தான் கொன்ற இரையையே விட்டுவிட்டு ஓடியது. அது உண்ணும் நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. அடுத்து 2019-இல் வந்த ஆய்வில் காட்டுப்பூனைகளும் ஸ்கங்குகளும் அடங்கி ஒடுங்கின. அவற்றுக்குப் பயந்திருந்த எலிகள் மட்டும் தைரியமாக ஊர்சுற்றி வயிறு நிறையத் தின்றன. யாரும் கத்தவில்லை, துரத்தவில்லை, கல்லெறியவில்லை. பேசினார்கள், அவ்வளவுதான். அதுவும் ஒலிபெருக்கி வழியாக.

இதற்கு மருந்து மலிவு. பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மியூர் வுட்ஸ் என்ற காடு வரும். ரெட்வுட் மரங்கள் வானுயர நிற்கும் அந்தச் சிறிய இடத்துக்கு ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். நெரிசல் தாங்காமல் 2018 முதல் முன்பதிவு கட்டாயம் ஆகிவிட்டது. அதற்கு முன்பே அங்கே ‘கதீட்ரல் தோப்பு’ என்ற பகுதியில் ‘இது அமைதிப் பகுதி’ என்று சில நாள் பலகை வைத்தார்கள், சில நாள் எடுத்தார்கள். அபராதம் கிடையாது, விசிலடிக்கும் காவலாளி கிடையாது. பலகை இருந்த நாட்களில் சத்தம் ஏறத்தாழ 3 டெசிபல் குறைந்தது. 3 டெசிபல் என்பது சில்லறைத் தொகைபோலத் தோன்றும். கணக்குப்படி, ஒரு பறவையின் குரல் எட்டும் பரப்பு அதனால் இரட்டிப்பாகிறது. பின்னர் 2021-இல் வெளியான இன்னோர் ஆய்வில், பலகை இருந்த நேரங்களில் வந்தவர்கள் கூடுதலான பறவைகளைக் கண்டுகொண்டதும் தெரியவந்தது. அபராதம் இல்லாமலேயே, ஒரு பலகையைப் பார்த்ததும் வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள் என்றால், நம்மிடம் இல்லாதது நாகரிகம் அல்ல. நினைவூட்டல்தான். இவ்வளவு சான்று இருந்தும் உலகத்துப் பூங்காக்களில் ‘பூவைப் பறிக்காதீர்’ பலகை இருக்கும் இடமெல்லாம் ‘மெல்லப் பேசுங்கள்’ பலகை இல்லாதது சோம்பலைத் தவிர வேறில்லை.

சான்பிரான்சிஸ்கோ வளைகுடா வட்டாரத்தில் நம்மவர்கள் ஏராளம் பேர் குடியிருக்கிறார்கள். இங்கிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களும் பாலத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. படம் எடுத்து முடித்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி லோபோஸ் ஓடைப் பக்கத்து மரப்பலகைப் பாதையில் நடந்து பாருங்கள். வெண்மகுடச் சிட்டு அங்கேயே குடியிருப்பது. ஆண்டு முழுவதும் பாடும், வசந்தத்தில் நிறையவே பாடும். வீடியோ அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு ஊருக்குப் பேசுவதை மட்டும் காருக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.